ஒரே மலை, இரண்டு வரி

வரி என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் சுளிப்பது மனித இயல்பு. அதிலும் மாணவர்கள் வரியைப் பற்றிப் பேசுவதா என்று நகைப்போரும் உளர். வருமானமே இல்லாதவனுக்கு வரி ஏது என்பது அவர்கள் வாதம். உண்மை அதுவன்று. விடுமுறை நாளில் நால்வர் கூடி மலைக்கோ கடற்கரைக்கோ சென்று ஓரிரவு அறை எடுத்துத் தங்கினால், வாடகைச் சீட்டின் அடியில் ஒரு தொகை தனியே எழுதப்பட்டு நம் கையிலிருந்து போகிறது. பார்க்கிறோம்; பங்கு பிரித்துக் கொடுக்கிறோம்; மறந்துவிடுகிறோம். எந்த ஊரில் தங்கினோமோ, எந்த ஊரின் தண்ணீரில் குளித்தோமோ, எந்த ஊரின் தெருவில் குப்பை போட்டோமோ, அந்த ஊருக்கு அதில் ஒரு காசாவது போய்ச் சேருகிறதா என்று நாம் கேட்பதில்லை.

அண்மையில் நம் சங்கத்து நண்பர் சிலரிடம் இந்தக் கேள்வியை எழுப்பினேன். அடுத்தடுத்த இரண்டு ஊர்களிலேயே தங்கும் வரி வேறு வேறாக இருக்கும் நாடுகள் உண்டு என்றும் சொன்னேன். "அப்பாடா, நாம் பிழைத்தோம்! நமக்கு நாடு முழுவதும் ஒரே விகிதம், குழப்பமே இல்லை" என்றார் ஒருவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். குழப்பமின்மை நல்லதுதான். ஆனால் குழப்பமின்மை ஒன்றே நன்மையென்றால், சுடுகாட்டைப் போல நல்ல ஊர் வேறில்லை! அடுத்தடுத்த ஊர்களின் வரி வேறுபடுவது கேலிக்குரியதா, அல்லது நாம் பொறாமைப்பட வேண்டியதா என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோ என்ற பெருந்தீவு இருக்கிறது. அங்கே நிசெகோ அன்னுப்புரி என்பது ஒரு மலை. குளிர்காலத்தில் அதன் சரிவுகளில் பனிச்சறுக்கு ஆடுவதற்கு ஆஸ்திரேலியா, ஹாங்காங், சிங்கப்பூர் முதலிய இடங்களிலிருந்தெல்லாம் மக்கள் வந்து குவிகிறார்கள். மலை ஒன்றுதான். ஆனால் அதன் சரிவுகள் குட்சான், நிசெகோ என்னும் இரண்டு சிற்றூர்களின் எல்லைக்குள் பிரிந்து கிடக்கின்றன. சறுக்குக் களங்கள் நான்கு. ஹிராஃபுவும் ஹனாசோனோவும் குட்சானைச் சேர்ந்தவை, மற்ற இரண்டும் நிசெகோவைச் சேர்ந்தவை. ஒரே சீட்டை வாங்கிக்கொண்டு நான்கிலும் சறுக்கலாம். சறுக்குகிறவனுக்கு எல்லைக்கோடு தெரிவதில்லை. இரவு எந்தப் பக்கம் படுக்கிறான் என்பதில்தான் தெரிகிறது.

குட்சான் 2019 நவம்பரில் தங்கும் வரியைத் தொடங்கியது. தொடக்கத்தில் முறை மிக எளிது: அறை வாடகையில் நூற்றுக்கு 2. ஜப்பானில் தங்கும் வரியை இப்படி விகிதமாக விதித்த முதல் ஊர் அதுதான். நிசெகோ ஐந்தாண்டு கழித்து, 2024 நவம்பரில் தன் வரியைத் தொடங்கியது. அது விகிதத்தை ஏற்கவில்லை, படிகளாக அமைத்தது. ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 5,000 யென் வரை கொடுத்துத் தங்குபவருக்கு 100 யென் வரி. அதற்கு மேல் 20,000 யென்னுக்குள் என்றால் 200. 20,000 முதல் 50,000-க்குள் 500. 50,000 முதல் 1,00,000-க்குள் 1,000. அதற்கும் மேல் எவ்வளவு கொடுத்துத் தங்கினாலும் 2,000.

அறிவியல் படிப்பவனுக்கு இத்தகைய செய்தி கிடைத்தால் கை சும்மா இருக்குமா? வரைபடத் தாளில் இரண்டையும் வரைந்து பார்த்தேன். குட்சான் ஒரு சாய்ந்த நேர்கோடு. நிசெகோ ஒரு படிக்கட்டு. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் அழகே தனி! 10,000 யென் அறைக்கு இரு ஊரிலும் 200 யென்தான். 19,000 யென் அறைக்குக் குட்சானில் 380, நிசெகோவில் 200. ஆயிரம் யென் கூட்டி 20,000 ஆக்கினால் நிலைமை தலைகீழ். குட்சானில் 400, நிசெகோவில் 500. 25,000-இல் மறுபடி சமம். 49,000-இல் குட்சான் கிட்டத்தட்ட இருமடங்கு வாங்கியது. 50,000 ஆனதும் இரண்டும் 1,000 என்று கைகுலுக்கிக் கொள்கின்றன. ஓர் இலட்சம் யென்னில் இரண்டும் 2,000. அதற்கப்பால் படிக்கட்டு நின்றுவிடுகிறது, கோடு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அந்தத் தொடக்க விகிதங்களின்படி, மூன்று இலட்சம் யென் கொடுத்து ஓரிரவு தங்கும் செல்வர் குட்சானில் 6,000 கட்ட, நிசெகோவில் 2,000 கட்டிவிட்டுத் தூங்க முடிந்தது.

என் நெஞ்சம் நேர்கோட்டின் பக்கமே. கூடக் கொடுத்துத் தங்குபவன் கூட வரி கொடுப்பதும், எந்த இடத்திலும் ஒரு யென் வித்தியாசத்தில் வரி துள்ளிக் குதிக்காமலிருப்பதும் நேர்மையானவை. ஆயினும் படிக்கட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. நாலு அறை வைத்துச் சத்திரம் நடத்தும் முதியவர் ஒருவர், சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்த்து வரியைச் சொல்லிவிடலாம், கணக்குப்பிள்ளை வேண்டியதில்லை. எது சரி என்பதன்று இங்கே முக்கியம். இரண்டு சிற்றூர்கள், ஒரே மலையை வைத்துப் பிழைக்கும் ஊர்கள், தங்கள் தங்கள் மன்றத்தில் கூடி இரண்டு விதமாக முடிவு செய்தன. மேலிருப்போரின் இசைவைப் பெற வேண்டியிருந்தது உண்மை. ஆனால் கணக்குப் போட்டது ஊர். அடுத்த ஊரைப் பார்த்து நகல் எடுக்க வேண்டும் என்று அதை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

படிக்கட்டைக் கேலி செய்யுமுன் நம் வீட்டுப் படிக்கட்டைப் பார்த்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் நம் நாட்டில் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 5. அதற்கு மேற்பட்டால் 18. 7,500 ரூபாய் அறைக்கு வரி 375 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு 1,368 ரூபாய். வாடகையில் நூறு ரூபாய் கூடினால் வரியில் 993 ரூபாய் கூடுகிறது. இதைப் படிக்கட்டு என்பதா, பாறைச் சரிவு என்பதா? நிசெகோவின் படிகள் இதன் முன்னே குழந்தை விளையாட்டு. ஒரே விகிதம், குழப்பமில்லை என்று மகிழ்ந்த நண்பர் இதையும் சேர்த்து மகிழட்டும்.

இன்னொரு வேடிக்கை. பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த சேவையாளர் இந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. தன் வீட்டு மாடியில் இரண்டு அறையை விருந்தினருக்கு விடும் குடும்பத்தாரிடம் நேரே தொலைபேசியில் பேசி அறை எடுத்தால் வரி இல்லை. அதே அறையை, அதே நாளில், இணையவழி முகவர் மூலம் எடுத்தால், முகவரே வரி கட்ட வேண்டும். அஃதாவது நாம் கட்டுகிறோம். அடுத்தடுத்த ஊர்களில் வரி வேறுபடுவது விந்தை என்போமாயின், ஒரே அறையில் வரி வேறுபடுவதை என்னென்பது!

மீண்டும் ஊர்களுக்கு வருவோம். நாள் வாடகை வீடுகள் பெருகும்போது ஊருக்கு நேர்வது என்ன? முதலாவது தண்ணீரும் குப்பையும். பத்தாயிரம் பேர் குடியிருக்கும் ஊருக்கென அமைத்த குழாயும் சாக்கடையும் பருவ காலத்தில் ஐம்பதாயிரம் பேரைத் தாங்க வேண்டியிருந்தால் எப்படித் தாங்கும்? இரண்டாவது, குடியிருப்பு. மாதம் ஒரு குடித்தனக்காரருக்கு விடுவதைக் காட்டிலும் நாள் கணக்கில் பத்து விருந்தினருக்கு விடுவது இலாபம் என்று கண்டுகொண்டால், வீட்டுக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? இது எனக்கு ஏட்டுச் செய்தியன்று. சென்ற ஆண்டு நானும் இரு தோழர்களும் மாத வாடகைக்கு இருந்த மாடியை, நாள் வாடகைக்கு விடப்போவதாகச் சொல்லி வீட்டுக்காரர் இருபது நாள் தவணையில் காலி செய்யச் சொன்னார். பிழையான மனிதர் அல்லர், கணக்குத் தெரிந்தவர். ஊர்ப் பேச்சு இன்னும் சரளமாக வாராத தமிழ்ப் பையன்கள் மூவர், தேர்வுக்கு நடுவே, தெருத் தெருவாக வீடு தேடினோம். இதைப் படிக்கும் உங்களிற் பலருக்கும் அந்த அலைச்சல் புதிதாயிராது.

இத்தகைய பாட்டை அமெரிக்காவின் கேப் காட் கடற்கரை ஊர்கள் நன்றாக அறியும். மாசசூசெட்ஸ் மாநிலம் 2018 டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றி, 2019 ஜூலை முதல் தங்கலுக்கு நடைமுறைப்படுத்தியது. 31 நாளுக்கு மேற்படாத வாடகை அனைத்தும், விடுதியாயினும் வீடாயினும், வரிக்குள் வந்தன. மாநிலத்தின் பங்கு நூற்றுக்கு 5.7. அதன்மேல் ஒவ்வோர் ஊரும் நூற்றுக்கு 6 வரை தன் விருப்பப்படி விதிக்கலாம். பாஸ்டன் நகருக்கு மட்டும் 6.5 வரை. 0 என்றும் வைக்கலாம், 4 என்றும் வைக்கலாம், 6 என்றும் வைக்கலாம். கேப் காட் பகுதியில் கழிவுநீரால் கெடும் குளங்களையும் உப்பங்கழிகளையும் காக்க 2.75 தனியே உண்டு. இவற்றுக்கும் மேலாக, தொழில் முறையில் பல வீடுகளை நாள் வாடகைக்கு விடுவோரிடம் நூற்றுக்கு 3 வரை சமூகக் கட்டணம் என்று ஒன்றை வாங்கவும் ஊருக்கு உரிமை உண்டு. அந்தக் கட்டணத்தில் நூற்றுக்கு 35-க்குக் குறையாத பகுதியை எளியோர் குடியிருப்புக்கோ ஊரின் அடிப்படை வசதிக்கோ ஒதுக்கியாக வேண்டும். ஆண்டில் 14 நாள் மட்டுமே வீட்டை விடுபவருக்கு வரி விலக்கு.

இந்த அமைப்பு என்னைக் கவர்ந்தது. மாநிலம் மேல்வரம்பை வைத்தது. வரம்புக்குள் விகிதத்தை ஊர் வைக்கிறது. பேராசை கொண்ட ஊர் வரம்பு மீற முடியாது. விருந்தினர் வேண்டுமென்று ஏங்கும் ஊர் குறைத்துக்கொள்ளலாம். 31 நாள் என்ற கோடும் எனக்குப் பிடித்திருக்கிறது. மாதக் கணக்கில் குடியிருப்பவனை அது விருந்தினனாக எண்ணவில்லை. நம் நாட்டில் 2024 ஜூலையில் தந்த சலுகை, மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத தங்கும் வசதிக்கு, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி விலக்கு என்கிறது. விடுதிவாசிகளாகிய நமக்கு நல்ல செய்திதான். ஆனால் கோடையில் வேற்றூர் ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு மாதப் பயிற்சிக்குப் போகும் மாணவன் அந்த 90-ஐ எட்டுவதில்லையே!

கேட்பவர் கேட்கலாம்: ஊர் தோறும் வரி வேறுபட்டால் விருந்தினர் வரி குறைந்த ஊருக்கு ஓடிவிட மாட்டார்களா? ஊர்கள் போட்டி போட்டு வரியைக் குறைத்து எல்லாமே கெட்டுவிடாதா? அச்சம் பொருளற்றதன்று. எல்லையோரத்தில் வீடு வாங்கி நாள் வாடகைக்கு விட நினைக்கும் பணக்காரர் இதைக் கணக்கிடத்தான் செய்வார். ஆனால் மலையேற வருபவர் நிலை வேறு. 20,000 யென் அறைக்குக் குட்சான் தொடக்க விகிதப்படி கேட்டது 400 யென். அதற்காக ஹிராஃபுவின் பனியை விட்டுவிட்டு வேறு பக்கம் போகிறவன் பனியை விரும்பி வந்தவனே அல்லன். வரியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு வேறுபடும்போது இடமே வெல்லும். வேறுபாடு பெரிதாகாமல் தடுக்கத்தான் மாசசூசெட்ஸ் வைத்தது போன்ற மேல்வரம்பு.

கியோட்டோவும் ஒசாக்காவும் இரயிலில் அரைமணித் தொலைவு. 2018 அக்டோபரில் கியோட்டோ தன் வரியைத் தொடங்கியபோது மிக மலிவான அறைக்கும் 200 யென் வாங்கியது. ஒசாக்காவோ குறைந்த வாடகை அறைகளுக்கு விலக்களித்து வந்தது. அதனால் கியோட்டோவின் கோயில்கள் வெறிச்சோடவில்லை. மாறாக, கூட்டம் தாங்காமல் 2025-இல் அந்நகர மன்றம் உச்ச வரியை 1,000 யென்னிலிருந்து 10,000 ஆக உயர்த்த முடிவு செய்தது. கல்விச் சுற்றுலா வரும் பள்ளி மாணவருக்கு மட்டும் அங்கே தொடக்கம் முதல் வரி கிடையாது. கல்லூரி மாணவரையும் சேர்த்திருக்கலாம் என்பது என் தனிப்பட்ட ஆசை.

எல்லா இடத்திலும் ஊர்கள் வென்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் பெர்லின் நகரம் 2014 முதல் தங்கும் வரி வாங்குகிறது. 2025 தொடக்கத்தில் அதை நூற்றுக்கு 5-லிருந்து 7.5 ஆக உயர்த்தியது. மியூனிக் நகரமும் நூற்றுக்கு 5 விதிக்க விரும்பியது. பவேரியா மாநில அரசாங்கமோ 2023-இல் அத்தகைய வரியையே தடுத்துச் சட்டம் செய்தது. மியூனிக்கும் வேறு இரு ஊர்களும் அரசியல் சட்ட நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. 2025 மார்ச்சில் தோற்றன. தோற்றாலும், எங்கள் ஊர் வரியை நாங்களே முடிவு செய்வோம் என்று வழக்காடும் துணிவு அந்த ஊர்களுக்கு இருந்தது.

நம் ஊர்கள் வழக்காடவும் வழியில்லை. ஏன் என்பதைச் சட்டத்தில் தேடிப் பார்த்தபோது எனக்கே வியப்பாயிற்று. நம் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 62-ஆம் இனம் முன்பு ஆடம்பரங்களின் மீதான வரியை மாநிலங்களுக்குத் தந்திருந்தது. கேளிக்கையும் அதனுள் அடக்கம். விடுதி அறைகளுக்கு மாநிலங்கள் ஆடம்பர வரி விதித்தது அந்த உரிமையின் பேரில்தான். 101-ஆவது திருத்தம் அந்த இனத்தை மாற்றி எழுதியது. ஆடம்பர வரி மறைந்து, 2017 ஜூலையில் சரக்கு சேவை வரியில் கரைந்தது. எஞ்சியது எது? ஊராட்சியும் நகரசபையும் விதிக்கும் கேளிக்கை வரி மட்டும். ஆகவே மலையூரின் நகரசபை, அங்கே ஓடும் சினிமாவுக்கு மாநிலச் சட்டத்தின்படி வரி போடலாம். அங்கே வந்து தங்கும் ஓர் இரவுக்குப் போட முடியாது! படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் உள்ளூர்க்காரனிடம் வாங்கலாம். தண்ணீரையும் தெருவையும் பயன்படுத்தும் வெளியூர்க்காரனிடம் அந்தப் பெயரால் வாங்க இயலாது. அறை வாடகையில் வசூலாகும் சரக்கு சேவை வரியை மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கமும் பங்கிட்டுக் கொள்கின்றன. அந்த ஊரின் நகரசபைக்கென்று அதில் நேரான பங்கு ஏதுமில்லை.

கதவு அடைபட்ட வீட்டில் சன்னல் வழியாக ஏறுவது போல, நம் சுற்றுலா ஊர்கள் வாயிலில் நின்று வசூலிக்கின்றன. வண்டிக்கு நுழைவுக் கட்டணம், வெளிமாநில வண்டிக்கு மணாலியில் பசுமை வரி. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் இணையவழி அனுமதிச் சீட்டு முறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பும் கட்டப்பட்டது. நெரிசலைத் தடுக்க அது தேவைதான்; மலையின் நிலைமை அப்படி. ஆனால் வாயில் எண்ணுவது சக்கரங்களை, இரவுகளை அன்று. காலையில் அரசுப் பேருந்தில் ஏறிப்போய் ஏரியைப் பார்த்துவிட்டு மாலையில் இறங்குபவனுக்கும், பதினெட்டாயிரம் ரூபாய் மாளிகையில் ஐந்து நாள் தங்கி நீச்சல் குளத்தில் மிதப்பவனுக்கும் ஊர் தரும் தண்ணீர் ஒரே அளவா? வாயிற்கட்டணத்தால் அந்த வேறுபாட்டைக் காண இயலாது.

நகரசபைகளிடம் வரி அதிகாரம் கொடுத்தால் ஊழல்தான் பெருகும் என்பது நண்பர்களின் கடைசி அம்பு. ஊழல் உண்டு, மறுக்க நான் யார்? ஆனால் டில்லியில் முடிவாகும் விகிதத்தைப் பற்றிக் குன்னூர்க் குடிமகன் யாரிடம் கேள்வி கேட்பான்? குன்னூரில் முடிவானால், வார்டு உறுப்பினரின் வீட்டு வாசலுக்குப் போய், "ஐயா, சென்ற பருவத்தில் தங்கும் வரி எவ்வளவு வந்தது? எங்கள் தெருக் குழாய் ஏன் இன்னும் வறண்டு கிடக்கிறது?" என்று கேட்கலாம். உதகை நூற்றுக்கு 2 வாங்கி நல்ல சாக்கடை கட்டியது, நீங்கள் 3 வாங்கி என்ன கட்டினீர்கள் என்றும் கேட்கலாம். அடுத்த ஊரின் வரி வேறாக இருந்தால்தானே ஒப்பிட்டுக் கேட்க முடியும்?

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் காரியமன்று. நகரசபைகளுக்கு வரி அதிகாரம் அளிக்க மாநிலச் சட்டமன்றத்துக்கு 243-எக்ஸ் விதி இடம் தருகிறது. ஆனால் மாநிலத்துக்கே இல்லாத அதிகாரத்தை அது எப்படிக் கொடுக்கும்? ஆகையால் 62-ஆம் இனத்தில் கேளிக்கை என்ற சொல்லுக்குப் பக்கத்தில், 31 நாளுக்கு மேற்படாத தங்கலையும் சேர்க்க வேண்டும். மேல்வரம்பாக நூற்றுக்கு 2 என்று நாடாளுமன்றம் வைக்கட்டும். வசூலில் மூன்றில் ஒரு பங்கு உள்ளூரார் குடியிருப்புக்கு என்று மாநிலம் விதிக்கட்டும். நாம் நால்வர் சேர்ந்து எடுக்கும் 1,500 ரூபாய் அறைக்கு அந்த வரி 30 ரூபாய். ஆளுக்கு ஏழரை ரூபாய், ஒரு தேநீருக்கும் காணாது. 18,000 ரூபாய் மாளிகைக்கு 360 ரூபாய்.